ஸ்மார்ட் போர்டு இருந்தால் ஆசிரியர் எதற்கு?

திரையே பாடம் நடத்தும்போது ஆசிரியர் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். திரை நல்லதுதான். தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். ரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் அப்படிக் காட்ட முடியாது.

சரி, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் ஊரான குளச்சல் பக்கம் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். பருவக்காற்றுப் பாடம். திரையில் அம்புக்குறிகள் நகர்கின்றன, பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். டீச்சர் வீடியோவை நிறுத்தி, "மேற்கேயிருந்து வீசுற காத்துக்கு உங்க அப்பா என்ன பேரு சொல்லுவாரு?" என்கிறார். "கச்சான், டீச்சர்!" கடைசி பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. அப்புறம் வாடை, கொண்டல் என்று வகுப்பே பேசுகிறது.

2017 ஒக்கி புயலில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளை, புயல் என்றதும் தலை குனிந்தால், அதைக் கவனித்துப் பக்கத்தில் போய் நிற்பதும் அந்த டீச்சர்தான்.