சொல் கேளுங்கள்: ராஜாவுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

கேள்வி: ‘கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினேன். அகராதியில் ‘குனிங்கஸ்’ என்று போட்டு, முன்னால் நட்சத்திரக் குறி வைத்திருக்கிறார்கள். எழுத்தில் எங்கும் கிடைக்காத சொல் என்று அதற்கு அர்த்தமாம். அப்படியென்றால் வெறும் ஊகம்தானே?
– வாசகர், தென்காசி

பதில்: ஊகம்தான். ஆனால் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்த ஊகம். பழைய ஆங்கிலத்தில் ‘க்யுனிங்’, பழைய ஜெர்மனில் ‘குனிங்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் ‘கோனுங்ர்’. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பார்த்தாலே தெரியும். நார்ஸில் மட்டும் கடைசியில் ஒரு ‘ர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது ஏது? ஆதியில் இருந்த ‘அஸ்’ என்ற விகுதி தேய்ந்து அங்கே ‘ர்’ ஆனது, மற்ற இரண்டிலும் உதிர்ந்தே போனது என்றார்கள் மொழியியலாளர்கள்.

சரி, அந்த ‘அஸ்’ இருந்ததற்கு என்ன ஆதாரம்? எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். ஃபின்லாந்தின் ஃபின்னிஷ் மொழி, இந்த மூன்றும் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. மிகப் பழங்காலத்தில் அக்கம்பக்கத்து ஜெர்மானியரிடம் இரவல் வாங்கிய சொல்லை அது அப்படியே பத்திரப்படுத்திவிட்டது. இன்றும் ஃபின்லாந்தில் சீட்டுக்கட்டு ராஜா ‘குனிங்கஸ்’தான்! வளையத்துக்கு ‘ரெங்கஸ்’, ஆங்கில ‘ரிங்’கின் மூத்த வடிவம். இப்படிப்பட்ட இரவல் சொற்களைத் திரட்டி 1869-இல் ஆய்வேடு எழுதினார் டென்மார்க்கின் மொழியியலாளர் வில்ஹெல்ம் தாம்சன்.

எழுத்திலும் அந்த விகுதிக்குச் சாட்சி உண்டு. 1734-இல் டென்மார்க்கின் கல்லேஹுஸ் ஊரில் ஒரு தங்கக் கொம்பு கிடைத்தது. சுமார் கி.பி. 400-ஐச் சேர்ந்தது. ‘ஹ்லெவகஸ்திஸ் ஹொல்திஜஸ் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன்’ என்று அதில் ஜெர்மானியரின் பழைய எழுத்தான ரூனில் பொறித்திருந்தது. பெயர்கள் இரண்டுக்கும் ‘ஸ்’ என்ற வால் இருப்பதைக் கவனியுங்கள். 1802-இல் ஒரு பாவி அதைத் திருடி உருக்கிவிட்டான். நல்லவேளை, முன்பே வரைந்து வைத்த படங்கள் தப்பின.

கேள்வி: ‘முடியும்’ என்று பொருள்படும் ‘கேன்’ என்ற வினையிலிருந்து வந்தது ‘கிங்’, ஆகவே ‘வல்லவன்’ என்று பொருள் என்கிறார்களே?
– வாசகி, காரைக்குடி

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைலே அப்படித்தான் எழுதினார். ஆனால் பொருந்தாது. ‘கேன்’ பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’, அதில் இரட்டை ‘ன்’. ‘க்யுனிங்’கில் ஒற்றைதான். அதன் அடி ‘குலம்’ என்று பொருள்படும் சொல். உற்றார் உறவினரைக் குறிக்கும் ஆங்கில ‘கின்’ அதிலிருந்து வந்ததுதான். ‘இங்’ என்றால் வழிவந்தவன். ஆக, நல்ல குலத்தில் பிறந்தவன். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘ஜனம்’கூட அதே ஆதி வேரில் கிளைத்ததுதான்.