தெருவில் நின்று எட்டிப் பார்த்தால் என்ன வழக்கு வரும்? கேள்வி பதில்

கே: தெருவில் நின்று ஒருவர் எங்கள் குளியலறை ஜன்னலையே பார்க்கிறார். கேட்டால் "ரோடு பொது" என்கிறார். படம் எடுத்த மாதிரி தெரியவில்லை. புகார் நிற்குமா?

ப: நிற்கும். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 77-ஆவது பிரிவுக்குப் படம் வேண்டியதில்லை. குளிக்கும், உடை மாற்றும் பெண்ணைப் பார்ப்பதே குற்றம். அவர் நிற்பது எங்கே என்பது பேச்சே இல்லை, நீங்கள் இருந்த இடம்தான் கணக்கு. முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு சிறை, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு. அபராதம் தனி.

கே: பஸ் ஸ்டாப்பில் நின்ற தங்கையை ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். இதுவும் 77-ஆ?

ப: சும்மா நிற்பதை எடுத்தால் 77 வராது. கோபத்தில் அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினால் கோர்ட்டில் வழக்கு நிற்காது. உள்ளாடை தெரியும்படி கீழிருந்து எடுத்திருந்தால் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66இ (66E). பொது இடமானாலும் இது செல்லும், பாதிக்கப்பட்டவர் ஆணானாலும் செல்லும். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விடாமல் பின்தொடர்ந்தால் பிஎன்எஸ் 78. தங்கைக்கு 18 வயது ஆகவில்லையென்றால் போக்சோவையும் (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கேளுங்கள்.

கே: போனைப் பிடுங்கி டெலிட் செய்ய வைக்கலாமா?

ப: கூடவே கூடாது. அழிப்பது உங்கள் சாட்சியத்தைத்தான். பொதுமக்கள் ஆளைப் பிடித்து ஒப்படைக்கும் அதிகாரம் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 40) ஜாமீனில் விட முடியாத குற்றங்களுக்கே; 77-இல் முதல் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். 112-ஐ அழையுங்கள். ஆளின் அடையாளம், வண்டி எண், நேரம், அருகிலுள்ள கேமரா எந்தக் கடையுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், அதை உடனே கைப்பற்றும்படி புகாரிலேயே எழுதுங்கள்.

கே: "எங்கள் லிமிட் இல்லை" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்கள்.

ப: பிஎன்எஸ்எஸ் 173-இன்படி எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் பதியும் எஃப்ஐஆர்) போட்டாக வேண்டும். 77-ஆவது பிரிவுப் புகாரைப் பதிய வேண்டியவர் பெண் அதிகாரி. மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். சிஎஸ்ஆர் ரசீதை (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை மட்டும்) எஃப்ஐஆர் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். டிஎஸ்பி அனுமதியுடன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்; அதற்கும் 14 நாள்தான். எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு.