கிராஃப் கட்டியாச்சு, விடை ஏன் வரல? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டென்சர்ஃப்ளோங்கற மெஷின் லேர்னிங் லைப்ரரியோட 1 வெர்ஷன்ல எழுதின பழைய கோட் ஒண்ணு புராஜெக்டுக்காக என் கைக்கு வந்திருக்கு. 2ஐயும் 3ஐயும் கூட்டி ப்ரின்ட் போட்டா 5 வரல, டென்சர், ஷேப், ஃப்ளோட்32ன்னு என்னமோ வருது. கூட்டல் நடந்துச்சா இல்லையா?
(கல்லூரி மாணவி)

பதில்: நடக்கலைங்க. "இங்க ஒரு கூட்டல் இருக்கு, உள்ள வர்றது இந்த ரெண்டு"ன்னு கிராஃப்ல, அதாவது கணக்கோட வரைபடத்துல, ஒரு நோட் (ஒரு கணக்கைக் குறிக்கற புள்ளி) சேர்ந்திருக்கு, அவ்ளோதான். வீட்டுக்கு பிளான் போட்டுட்டா வீடு எழும்பிடுமா? ப்ரின்ட்ல வந்தது அந்த நோடோட பேரும் வகையும். கணக்கு நிஜமா ஓடணும்னா ஒரு செஷன் (கிராஃபை ஓட்டிக்குடுக்கறது) திறந்து, அதோட ரன் கிட்ட இந்த டென்சரை, அதாவது அந்த நோடோட வெளியீட்டை, குடுங்க, 5.0 வந்துடும். பிளேஸ்ஹோல்டர் (மதிப்பு பின்னாடி வரப்போற காலி இடம்) இருந்தா அதுக்கான மதிப்பை ஃபீட் டிக்ட்ல சேர்த்து அனுப்பணும், வேரியபிள் (ரன்னுக்கு ரன் மதிப்பை வெச்சிருக்கறது) இருந்தா முதல்ல தொடக்க மதிப்பு போடற இனிஷியலைசரை ஓட்டணும், இல்லன்னா எரர்தான்.

ஏன் இவ்ளோ சுத்தி வளைக்கணும்னு கேப்பீங்க. மொத்த கணக்கும் முன்னாடியே தெரிஞ்சா எதை ஜிபியூவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) அனுப்பலாம், எதையெல்லாம் ஒரே நேரத்துல ஓட்டலாம், எது தேவையே இல்லன்னு லைப்ரரி தானே பாத்துக்கும், மாடலை எந்தப் பக்கம் திருத்தணும்னு சொல்ற கிரேடியன்ட் கணக்கையும் அதே கிராஃப்ல நோடா சேர்த்துடும். தியானோங்கற பழைய லைப்ரரி காலத்துலேர்ந்து வர்ற வழி இது, 2015ல கூகுள் டென்சர்ஃப்ளோவை வெளியிட்டப்பவும் இதே வழியிலதான் போனாங்க.

கேள்வி: ஒவ்வொரு ஸ்டெப்லயும் முதல்ல ட்ரெயின் ஆப்பை (மாடலைக் கத்துக்க வைக்கற நோட்) ரன் பண்றேன், அடுத்து லாஸை (தப்போட அளவு) ஒரு ரன், அக்யூரசியை (சரியா சொன்ன விகிதம்) இன்னொரு ரன். லாஸும் அக்யூரசியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல, டேட்டாவும் பாதி வழியில தீர்ந்துடுது. டேட்டாசெட்ல தப்பா?
(வேலையில புதுசா சேர்ந்த வாசகர்)

பதில்: டேட்டாசெட் சரியாத்தான் இருக்கு, ரன் கூப்பிடுற விதம்தான் இடிக்குது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா எரர் எதுவும் வராம மாடலைக் கெடுக்கற சங்கதி இது.

ஒவ்வொரு ரன்னும் கணக்கை முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். வேரியபிள் மாதிரி நிலையா இருக்கறதைத் தவிர போன ரன்ல வந்த எதுவும் இந்த ரன்னுக்கு ஞாபகம் இருக்காது. உங்க கிராஃப்ல இன்புட்டுக்கு கெட்-நெக்ஸ்ட் நோட் இருக்குல்ல, அது ஒவ்வொரு ரன்லயும் அடுத்த பேட்சை (டேட்டாவோட ஒரு தொகுதி) இழுக்கும். அப்ப ட்ரெயின் ஆனது ஒரு பேட்ச், லாஸ் பாத்தது அடுத்த பேட்ச், அக்யூரசி அதுக்கும் அடுத்த பேட்ச், பின்ன எப்படி ஒத்து வரும்? 3000 படம் இருக்கு, பேட்சுக்கு 100ன்னு வெச்சுக்குவோம், மொத்தம் 30 பேட்ச், ஆனா ஸ்டெப்புக்கு 3 ரன்ங்கறதால 10 ஸ்டெப்லயே எல்லாம் காலி, அந்த ஒரு சுத்துல மாடல் கத்துக்கிட்டது வெறும் 1000 படத்துலேர்ந்து. மூணையும் ஒரே லிஸ்ட்ல போட்டு ஒரே ரன்ல கேளுங்க. ஒரே ரன்னுக்குள்ள ஒவ்வொரு நோடும் ஒரு தடவைதான் ஓடும், அதனால மூணுக்கும் ஒரே பேட்ச்தான் போகும்.

சந்தேகமா இருந்தா ஒரு ரேண்டம் நோட் பண்ணி அதோட 1 கூட்டின இன்னொரு நோடும் வெச்சுக்கோங்க. ரெண்டையும் தனித்தனி ரன்ல கேட்டா ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது, ஒரே ரன்ல கேட்டா வித்தியாசம் சரியா 1 வரும்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, கேக்காதது ஓடவே ஓடாது. நீங்க கேட்ட நோடுக்குத் தேவையானதை மட்டும் பின்னோக்கிப் போய் பொறுக்கி எடுத்து ஓட்டிட்டு மிச்சத்தை விட்டுடும். பேட்ச் நார்மலைசேஷன்ல (லேயருக்கு நடுவுல மதிப்புகளை ஒரே அளவுக்குக் கொண்டு வர்ற முறை) சராசரியை அப்டேட் பண்ற நோட் தனியா நிக்கும், அதை ட்ரெயின் ஆப்போட கன்ட்ரோல் டிபென்டன்சி (இது ஓடினாதான் அது ஓடும்ங்கற கட்டு) குடுத்து கட்டலன்னா ட்ரெயினிங் ஜோரா போகும், டெஸ்ட்ல அப்டேட் ஆகாத சராசரியை வெச்சு மாடல் சொதப்பும். எத்தனையோ பேர் இதுக்காக லேயரைக் குடைஞ்சு குடைஞ்சு பாத்து நொந்து போறதைப் பாக்கறப்ப எனக்கு மனசே கேக்கறதில்ல.

கேள்வி: முதல் ஆயிரம் ஸ்டெப் வேகமா போகுது, போகப்போக ஆமை மாதிரி ஊருது. மெஷின் பிரச்சனையா?

பதில்: பெரும்பாலும் லூப்புக்குள்ள எங்கயோ புது நோட் உருவாகிட்டே இருக்கும். லூப்ல ஒரு கூட்டலோ ஸ்லைஸோ எழுதினா ஒவ்வொரு சுத்துக்கும் கிராஃப் வளரும். லூப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிராஃபை ஃபைனலைஸ் பண்ணி பூட்டிடுங்க, அதுக்கப்புறம் யார் நோட் சேர்த்தாலும் அந்த வரியிலேயே எரர் அடிச்சுக் காட்டிக்குடுத்துடும்.

கேள்வி: பைடார்ச்ங்கற இன்னொரு லைப்ரரில கிராஃபே கட்ட வேணாம்னு வந்தேன், இங்க ஜிபியூ மெமரி ஏறிக்கிட்டே போகுதே?

பதில்: இங்கயும் கிராஃப் இருக்குங்க, கணக்கு ஓடும்போதே பின்னாடி தானா உருவாகுது. மொத்த லாஸ் பாக்கறதுக்காக லாஸ் டென்சரை அப்படியே கூட்டிக்கிட்டு வந்தா ஒவ்வொரு ஸ்டெப்போட கிராஃபும் அதுல தொங்கிக்கிட்டு நிக்கும், விடாது. ஐட்டம் போட்டு வெறும் நம்பரா எடுத்துக் கூட்டுங்க.

கேள்வி: டென்சர்ஃப்ளோ 2ல செஷனே இல்லையே, அப்ப இதெல்லாம் இனிமே எதுக்கு?

பதில்: 2019 செப்டம்பர்ல 2.0 வந்ததுலேர்ந்து எழுதின வரி உடனே ஓடுது, உண்மைதான், பிழை தேடறது ரொம்பவே சுலபமாயிடுச்சு. ஆனா வேகம் வேணும்னு ஃபங்ஷன் மேல டிஎஃப்.ஃபங்ஷன் போட்டீங்கன்னா திரும்ப கிராஃப்தான். முதல் தடவை கூப்பிடும்போது பைதான் கோடை ஒரு முறை ஓட்டி கிராஃபை எடுத்துக்கும், அதுக்கு ட்ரேசிங்னு பேரு, அடுத்த தடவைலேர்ந்து அதே மாதிரி இன்புட் வந்தா கிராஃப் மட்டும்தான் ஓடும். உள்ள பைதான் ப்ரின்ட் வெச்சு ஒரே ஷேப் டென்சரைக் குடுத்து மூணு தடவை கூப்பிட்டுப் பாருங்க, ஒரு தடவைதான் அச்சாகும், டிஎஃப்.ப்ரின்ட் வெச்சா மூணு தடவையும் அச்சாகும். டென்சர் இல்லாம வெறும் பைதான் நம்பரை ஆர்க்யுமென்டா குடுத்தா ஒவ்வொரு புது நம்பருக்கும் புதுசா ட்ரேஸ் பண்ணும், வேகத்துக்காகப் போட்டது இன்னும் மெதுவாயிடும். ப்ரின்டாவது பரவால்ல, உள்ள நம்பைல (பைதானோட கணக்கு லைப்ரரி) ரேண்டம் நம்பர் எடுத்து படத்துக்கு நாய்ஸ் சேர்க்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, ட்ரேசிங்ல வந்த அந்த ஒரே நம்பர் கிராஃப்ல மாறாத கான்ஸ்டன்ட்டா உறைஞ்சு போய் எல்லா ஸ்டெப்புக்கும் அதே நாய்ஸ்தான் போகும். அந்த இடத்துல டிஎஃப்.ரேண்டம் போடுங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது நம்பர் வரும்.