இரவில் தடுமாறும் ஜி.பி.எஸ்.: கோளாறு கருவியிலா, சூரியனிலா?

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். 2012-இல் வாங்கிய ஜி.பி.எஸ். கருவி இத்தனை காலம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு, மூன்று ஆண்டுகளாகச் சில இரவுகளில் சிக்னல் விட்டுப்போகிறது, விடிந்தால் சரியாகிவிடுகிறது. சூரியப் புயல் என்கிறார்கள். புதிது வாங்கவா, பொறுத்திருக்கவா?

பதில்: இரவு எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதில்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்து ஏழெட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவையொட்டி அடங்குகிறது, அதுவும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் என்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பட்டப்பகலிலும் விட்டுவிட்டு வந்தால் சூரியனை வம்புக்கு இழுக்க வேண்டாம். ஆன்டெனாவில் ஒயர் திருகும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள், உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

இரவுத் தடுமாற்றத்துக்குப் புயலே தேவையில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், சூரியன் மறைந்ததும் நம் தலைக்கு மேல், வளிமண்டலத்தின் மின்னேறிய மேலடுக்கான அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்புகின்றன. அவற்றைக் கடந்து வரும் சிக்னல், நட்சத்திரம் போல மினுங்கும். கருவியின் சாட்டிலைட் திரையில் சிக்னல் பட்டைகள் குட்டையாகி எகிறிக் குதிப்பது அதனால்தான். சூரியனின் காந்தச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இந்தத் தொல்லை கூடும்.

அந்தச் செயல்பாடு ஏறி இறங்க ஏறத்தாழ 11 ஆண்டு. உச்சத்தில் சூரியனின் காந்தத் துருவங்கள் தலைகீழாவதால், காந்தம் பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டு. உச்சங்களின் உயரமே 80, 90 ஆண்டுக்கு ஒருமுறை ஓங்கித் தாழ்கிறது என்பார்கள்; கிளைஸ்பெர்க் சுழற்சி என்று பெயர். அதை ஓரளவுக்குத்தான் நம்புவேன். இந்தச் செயல்பாட்டைக் காட்டும் சூரியக் கரும்புள்ளிகளைத் தொலைநோக்கியில் பார்க்கத் தொடங்கியதே 1610 வாக்கில். நான்கைந்து சுற்றை வைத்துக்கொண்டு அட்டவணை போட முடியாது. 1645 முதல் 1715 வரை கரும்புள்ளிகளே அரிதாகிப்போன வரலாறும் உண்டு.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: 2014-இல் வந்த உச்சம் சுமார் நூறாண்டுகளில் மிக மெலிந்தது. சாதுவான சூரியனோடு பழகிய கருவி உங்களுடையது. 2019 டிசம்பரில் தொடங்கிய 11 ஆண்டுச் சுழற்சி அதைவிட வலுவாக எழுந்து 2024-இல் உச்சத்தைத் தொட்டது. இனி இறக்கம், 2030-ஐ ஒட்டி அடங்கும். இடையில் சில இரவுகள் படுத்தலாம். 2001-ஐ ஒட்டிய உச்சத்துக்குப் பிறகு, 2003 அக்டோபரில்தான் பெரும் சூரியப் புயலே வந்தது.

ஆகவே இதற்காக மட்டும் புதிது வாங்க வேண்டாம். எப்படியும் மாற்றுவதானால், ஜி.பி.எஸ். மட்டுமின்றி ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாட்டின் நாவிக் போன்ற சாட்டிலைட் தொகுதிகளையும் பிடிக்கும் கருவியாகப் பாருங்கள். எல்லாச் சாட்டிலைட்டும் ஒரே நேரத்தில் குமிழியில் சிக்குவது அரிது. அதுவரை, வலை விடும் இடங்களையும் துறைமுக வாயையும் அட்சம், தீர்க்கத்தோடு நோட்டில் எழுதி, காம்பஸ் பக்கத்தில் வையுங்கள். ஆன்டெனா ஒயரை ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம்.