காய்ந்த மாதிரி: ஜெலிடியமா, ஜெலிடியெல்லாவா?

ஜெலிடியம், ஜெலிடியெல்லா இரண்டும் சிவப்புக் கடற்பாசிப் பேரினங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எடுத்த பாசியை அழுத்திக் காய வைத்து ஒட்டிய பழைய ஹெர்பேரியம் தாள், சீட்டில் 'ஜெலிடியம்', சிஸ்டோகார்ப் (கருவுற்ற பின் பெண் பாசியில் உருவாகும் வித்து உறுப்பு) ஒன்றுகூட இல்லை, எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருந்தீங்க. வெளித்தோற்றத்தை நம்பாதீங்க, அழுத்திக் காய வைத்தால் உருளைத் தண்டும் தட்டையாத்தான் தெரியும்.

காப்பாளரிடம் அனுமதி வாங்கி, அரை சென்டிமீட்டர் துண்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஊறவையுங்க. புது பிளேடால் குறுக்கே மெல்லிசா சீவி, அனிலின் நீலம் ஏற்றிப் பாருங்க. செல்களுக்கு நடுவே தடித்த சுவரோடு பளபளக்கும் நுண்புள்ளிகள்தான் ரைசைன்கள், அதாவது தண்டுக்குள் ஓடும் மெல்லிய இழைகளின் வெட்டுமுகம். அவை இருந்தால் ஜெலிடியெல்லா இல்லை. ஜெலிடியம் அல்லது அதற்கு நெருங்கிய இன்னொரு பேரினமான டெரோகிளாடியெல்லா. இந்த இரண்டையும் பிரிக்க சிஸ்டோகார்ப் வேணும், உங்க மாதிரியில் அது இல்லை, அங்கேதான் சிக்கல். நுனி, நடு, அடி மூன்றிலும் சீவியும் ரைசைனே இல்லையென்றால் ஜெலிடியெல்லா, நம்ம மரிக்கொழுந்துப் பாசியின் பேரினம். ஒரே இடத்தில் சீவிட்டு முடிவு கட்டிடாதீங்க, ரைசைன் எங்கும் ஒரே அடர்த்தியில் இருக்காது.

டிஎன்ஏ பார்க்கலாம்னா, ஃபார்மலின் பட்ட மாதிரியில் ரொம்ப எதிர்பார்க்காதீங்க.