பண்டைய எகிப்தியரின் வரலாறு: முதலில் எதைப் படிக்கலாம்?

கேள்வி: வரலாறு என் பாடமன்று. பிரமிடுகளையும் மம்மிகளையும் தாண்டிப் பண்டைய எகிப்தியரின் வரலாற்றை ஒழுங்காக அறிய விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

அரசர்களிடமிருந்து தொடங்க வேண்டாம். அவர்களுக்குக் கல்லறை வெட்டிய தொழிலாளர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

எனக்கும் வரலாறு பாடமாக இருந்ததில்லை. நூற்பாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். எகிப்தைப் பற்றி நான் முதலில் வாங்கிய நூல் முப்பது அரச மரபுகளின் பட்டியலோடு தொடங்கியது. பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போக, இரண்டு வாரத்தில் அதை மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டின் படம் கண்ணில் பட்டது. அது ஒரு வருகைப் பதிவேடு.

இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1240இல், எழுதப்பட்டது அது. வலது ஓரத்தில் 40 தொழிலாளர்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் வேலைக்கு வராத நாள்கள் கறுப்பு மையிலும், அந்த நாள்களுக்கு மேலே வராததன் காரணம் சிவப்பு மையிலும் குறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு உடல்நலமில்லை, ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார், ஒருவர் இறந்துபோன தம் தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருந்தார். வீட்டுப் பெண்களின் மாதவிலக்கும் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. 'தாயார் காரியம்' என்று நானே எத்தனையோ முறை விடுப்புக்கு எதிரே எழுதியிருக்கிறேன். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அதே வேலையைச் செய்த ஒரு எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்த அன்றுதான் எகிப்து எனக்கு மனிதர்கள் வாழ்ந்த நாடாகத் தெரிந்தது.

அந்தக் கல் எழுதப்பட்ட ஊரின் இன்றைய பெயர் டெயிர் எல்-மெதினா. லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டிய கைவினைஞர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அவர்களுள் பலர் என்பதால், கடன், வழக்கு, சண்டை, கடிதம் என்று ஆயிரக்கணக்கான எழுத்துகள் கல் துண்டுகளிலும் உடைந்த ஓடுகளிலும் பாப்பிரஸ் தாள்களிலும் எஞ்சியுள்ளன. இந்த ஊரைப் பற்றிய எந்த நல்ல அறிமுகம் கிடைத்தாலும் அதையே முதலில் படியுங்கள்.

அதில் இரண்டு செய்திகளைத் தவறவிடாதீர்கள். முதலாவது, மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், நடந்த வேலைநிறுத்தம். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்தவரை இதுவே மிகப் பழையது. தொழிலாளர்களுக்குக் கூலி தானியமாகத்தான் வந்தது: ரொட்டிக்குக் கோதுமை, பீருக்குப் பார்லி. அது வராமல் பதினெட்டு நாள் கடந்ததும், அவர்கள் வேலையை விட்டு வெளியேறி, ஒரு கோவிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியாலும் தாகத்தாலும் இங்கே வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை" என்று அவர்கள் சொன்னதையும், இதைப் பாரோவுக்கு (எகிப்திய அரசருக்கு) எழுதி அனுப்புமாறு கேட்டதையும், இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரஸ் இன்றும் காட்டுகிறது. பாரோவைக் கடவுளாகவே வணங்கிய நாட்டில் கூலிக்காக மக்கள் உட்கார்ந்து போராடினார்கள் என்பதை எந்தக் கோவில் சுவரும் நமக்குச் சொல்லியிருக்காது.

இரண்டாவது, நௌநக்தே என்ற மூதாட்டியின் உயில். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும், முதுமையில் தம்மைக் கவனிக்காதவர்களுக்குத் தம் சொத்தில் பங்கில்லை என்று ஊர் மன்றத்தின் முன் அவர் அறிவித்தார். பெண்களுக்குச் சொத்துரிமை இருந்தது என்ற பொதுவான வாக்கியத்தைவிட இந்த ஒரு உயில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இவற்றுக்குப் பிறகு கால வரிசைக்கு வாருங்கள். பழைய அரசு, இடைக்கால அரசு, புதிய அரசு என்ற மூன்று பெரும் பகுதிகள், அவற்றுக்கு நடுவே அதிகாரம் சிதறிய காலங்கள், கடைசியில் கி.மு. 332இல் அலெக்சாந்தரின் வருகை, கி.மு. 30இல் கிளியோபாட்ராவின் முடிவு: தொடக்கத்தில் இவ்வளவு போதும். முப்பது மரபுகளாகப் பிரிக்கும் முறை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய எகிப்தியப் பூசாரி மனேதோவிடமிருந்து வந்தது. அவருடைய நூல் அழிந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளே நம்மிடம் உள்ளன. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நூல்கள் வெவ்வேறு ஆண்டு சொன்னால் குழம்ப வேண்டாம். நம் சோழர் கல்வெட்டுகள் அரசன் பெயரைச் சொல்லி அவனுக்கு 'யாண்டு' இத்தனை என்று குறிப்பதைப் போலவே எகிப்தியரும் ஆட்சியாண்டைத்தான் எழுதினார்கள். அவற்றை அடுக்கிக் கி.மு. கணக்காக மாற்றும்போது அறிஞர்களுக்குள் சில பத்தாண்டுகள் வேறுபடுவது இயல்பு.

அரசர்களின் கல்வெட்டுகளைப் படிக்கையில் மறுதரப்பையும் தேடிப் பாருங்கள். ஏறத்தாழ கி.மு. 1274இல் நடந்த காதேஷ் போரைத் தம் தனிப்பெரும் வெற்றியாக இரண்டாம் ராம்சேஸ் கோவில் கோவிலாகச் செதுக்கிவைத்தார். ஆனால் காதேஷ் நகரம் எதிரிகளான ஹிட்டைட்டுகளின் கையிலேயே இருந்தது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் வாசகம் எகிப்தில் கார்னக் கோவில் சுவரிலும், ஹிட்டைட்டுகளின் தலைநகரம் இருந்த இன்றைய துருக்கியில் கிடைத்த களிமண் பலகைகளிலும் உள்ளது.

நூல் என்று கேட்டால், ஆங்கிலம் படிக்க இயலுமானால் மிரியம் லிக்டைம் 1973 முதல் 1980 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட எகிப்திய இலக்கிய மொழிபெயர்ப்பை வாங்குங்கள். சினுஹேயின் கதை அதில் இருக்கிறது: அரசன் இறந்த செய்தி கேட்டு அஞ்சி அயல்நாட்டுக்கு ஓடிய அதிகாரி ஒருவர், அங்கே செழிப்பாக வாழ்ந்தும், தம் மண்ணில் அடக்கமாக வேண்டுமென்று முதுமையில் ஏங்கித் திரும்புகிறார். முழு வரலாற்றுக்கு இயன் ஷா தொகுத்து 2000இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு நூல் நம்பத்தக்கது. ஆனால் அது கனமான வாசிப்பு, அவசரப்பட வேண்டாம். காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூறாண்டுப் பழைய நூல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெயர்களின் ஒலிப்பும் ஆண்டுகளும் விளக்கங்களும் அதற்குப் பின் நிறைய மாறிவிட்டன. பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சுவையானவர், ஆயினும் அவர் எழுதிய காலத்திலேயே பெரிய பிரமிடுக்கு இரண்டாயிரம் வயது கடந்திருந்தது.

பிரமிடுக்குக் கடைசியில் வாருங்கள். அதையும் ஒரு தொழிலாளியின் ஏட்டின் வழியாகவே. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பியேர் தாலே தலைமையிலான குழு 2013இல் கண்டெடுத்த பாப்பிரஸ்களில் மெரேர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவித்த குஃபு மன்னரின் காலத்தில் அவரும் அவருடைய ஆட்களும் தூரா சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றினார்கள், இரவு எங்கே தங்கினார்கள், எந்த நாளில் கீசாவில் போய்ச் சேர்ந்தார்கள் என்று நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார்.