பெரியப்பாவுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள்

ஐயா, போன வாரம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் வந்தபோது உங்கள் அண்ணனும் கூட இருந்ததால் பாதியைத்தான் பேசினேன். மீதியை எழுதிவிடுகிறேன். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், கவலைப்படாதீர்கள் என்று அன்று சொன்னதெல்லாம் உங்கள் மனைவியின் கண்ணீரைப் பார்த்துச் சொன்னது. இப்போது சொல்வது வேறு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல், நான்கு ஆண்டுக்கு 18 லட்சம், கிணற்றடி நிலத்தை அடகு வைத்தால் சமாளித்துவிடலாம் என்றீர்கள். கூடாது. அண்ணன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்பதற்காக உங்கள் மகளும் அதையே படிக்க வேண்டுமா? வட்டியை அண்ணனா கட்டப்போகிறார்? கோடிங் பிடிக்குமா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் படிவம் எழுதிக்கொண்டிருந்தபோது அவளாகவே ஒன்று கேட்டாள்: "நேபாள மின்சாரம் நம் நாட்டு வழியாக வங்கதேசத்துக்குப் போகிறதாமே சார், சுங்கத்தில் அதை என்ன பொருள் என்று எழுதுவார்கள்?" பெரியப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

அன்று நேரமில்லை, பதிலை இங்கே எழுதுகிறேன், அவளிடம் காட்டுங்கள். சுங்கத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. மின்சாரத்துக்கு அந்த எண் 2716. உலகச் சுங்க அமைப்பின் பொதுவான பொருள் வகைப்பாடு 1988-இல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்தில் ஹெச்.எஸ். கோடு என்பார்கள். அதில் 27-ஆம் அத்தியாயம் நிலக்கரி, பெட்ரோலியம் வகையறா. அதன் கடைசித் தலைப்புதான் மின்சாரம். அதுவும் விருப்பத் தலைப்பு. நாடுகள் ஏற்கலாம், விடலாம். பெட்டி இல்லை, எடை இல்லை, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லை. இதைப் பொருள் என்பதா, சேவை என்பதா? நம் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில், விற்பனை வரிக்கு மின்சாரம் பொருள்தான் என்று தீர்த்தது. நம் சுங்கப் பட்டியலிலும் அது இருக்கிறது. அளவு, ஆயிரம் யூனிட் கணக்கில்.

வேடிக்கையைப் பாருங்கள். உறை போட்ட மின்கம்பி வந்தால் 8544. மின்சாரத்தை நிரப்பிய பேட்டரி வந்தால் 8507. கம்பிக்குள் ஓடிவருவது மட்டும் 2716. 2024 நவம்பர் 15 அன்று நேபாளம் முதன்முறையாக இந்தியா வழியாக வங்கதேசத்துக்கு மின்சாரம் அனுப்பியது. ஒப்பந்தம் 40 மெகாவாட்டுக்கு. ஒரே கம்பியில் இது நேபாள யூனிட், இது பீகார் யூனிட் என்று யார் பிரிப்பது? கையால் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் பீகாரின் முசாபர்பூரில் உள்ள மீட்டரும் ஒப்பந்தத் தாளும்தான் பேசும். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக்கு விதிக்கும் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சிமெண்ட், இரும்பு, அலுமினியத்தோடு இந்த 2716-உம் அந்தப் பட்டியலில் உண்டு.

இதெல்லாம் வடக்கே எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2017 கடைசியில் சோலார் பேனல்கள் சென்னை உட்படப் பல துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன. ஒளிமின் செல் என்று 8541-இல் வைத்தால் வரி இல்லை, மின்னாக்கி என்று 8501-இல் வைத்தால் 7.5 சதவீதம். பொருள் அதேதான், எந்த எண் என்பதுதான் சண்டை. சரக்கு தேங்கிய ஒவ்வொரு நாளும் இறக்குமதியாளருக்கு வாடகை ஏறும். அந்த நேரத்தில் தலைப்பையும் அத்தியாயக் குறிப்பையும் வரிவரியாகப் படித்து வாதாடத் தெரிந்தவருக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மின்சாரத்தை மட்டும் நம்பினால் சம்பளம் வராது. அதை வகைப்படுத்துவோர் மிகச் சிலர். பேட்டரி, பேனல், ரசாயனம், துணி எல்லாவற்றுக்கும் எண் தேடத் தெரிய வேண்டும். கரூரில் இருந்துகொண்டு துணி ஏற்றுமதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழி இதுதான். அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ பி.காம். படித்தபின் சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர், அதாவது இறக்குமதி ஏற்றுமதியாளருக்காகச் சுங்க வேலையை முடித்துக் கொடுப்பவர், அலுவலகத்தில் வேலை. அங்கே வேலை செய்பவர்களுக்குச் சுங்கத்துறை தரும் அடையாள அட்டையில் முதலில் ஹெச் கார்டு, தேர்வெழுதி ஜி கார்டு. ஜி கார்டோடு இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் புரோக்கர் உரிமத் தேர்வு எழுதலாம். எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. சட்டத்தில் ஆசை வந்தால் எல்.எல்.பி. சேர்ந்துகொள்ளட்டும், தீர்ப்பாயங்களில் வகைப்பாட்டு வழக்குகளுக்குக் குறைவில்லை. அரசு வேலைதான் வேண்டும் என்றால் மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வில் சுங்கத்துறை எக்ஸாமினர் பதவி இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் இல்லை. 18 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் பெரியப்பா அதைச் சொல்லிக் காட்டுவார், சொல்லட்டும். கடன் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு ஒரு வேளைச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும்.

மளிகைப் பொருள்களை அவளாகவே வகை பிரித்து எண் போட்டு வைத்திருக்கும் நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. அடுத்த முறை அந்த நோட்டையும் அவளையும் அழைத்து வாருங்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.